கராடியின் மண்ணுக்கடியில்: குழாய்க்கும் கேபிளுக்கும் தனிக் காப்பீடு தேவையா?

2024 செப்டம்பர் 20 அன்று, புனே புதவார் பேட்டையில் சமாதான் சௌக் அருகே, தபால் அலுவலக வளாகத்துக்குள் மாநகராட்சி லாரி ஒன்று பூமிக்குள் இறங்கியது. சாக்கடை அடைப்பு எடுக்க வந்த வண்டி அது. இன்டர்லாக் கல் பதித்திருந்த தரை திடீரென்று உள்வாங்க, பின்பக்கம் முதலில் சரிந்து, சில நொடிகளில் முழு வண்டியும் குழிக்குள் போய்விட்டது. ஓட்டுநர் உயிர் தப்பினார். அந்த இடத்தில் எப்போதோ ஒரு கிணறு இருந்து தூர்க்கப்பட்டதாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். நிலத்தடிச் சாக்கடையைப் பார்க்க வந்தவர்களிடமே, அந்த நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்ற கணக்கு இல்லை. கராடியில் வீடு வாங்கிய ஒருவர் நிலத்தடிக் குழாய்க்குக் காப்பீடு எடுக்கலாமா என்று கேட்டால், பதிலை இந்த இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

கராடி புனேயின் கிழக்கு ஓரம். முளா-முட்டா ஆற்றங்கரையில் வயல்களாக இருந்த ஊர், 1997இல் மாநகராட்சியோடு சேர்ந்தது. பிறகு ஈயான் ஐடி பார்க் வந்தது, உலக வர்த்தக மையம் வந்தது, இருபது முப்பது மாடிக் கோபுரங்கள் எழுந்தன. வீடுகள் முதலில் வந்தன. குழாய்கள் பின்னால் வந்தன. பாமா ஆஸ்கேட் அணையிலிருந்து கிழக்குப் புனேக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் 2021 ஜனவரியில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. அதுவரை ஆழ்துளைக் கிணறும் டேங்கருமே பல சொசைட்டிகளின் உயிர்நாடி. டேங்கர்கள் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இதனால் இங்கே ஒரு நடுத்தர அளவுள்ள வளாகத்தின் அடிநிலம் நெரிசல் மிகுந்தது. மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு, போர்வெல் குழாய், டேங்கர் தண்ணீரைச் சம்ப்புக்குக் கொண்டுபோகும் குழாய், கழிவுநீர்க் குழாய், சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கழிப்பறைகளுக்குத் திரும்பும் குழாய், மழைநீர் வடிகால், மின்கேபிள், மஞ்சள் நிற எரிவாயுக் குழாய், இரண்டு மூன்று நிறுவனங்களின் இணையக் கேபிள் என எல்லாம் அதே மண்ணில் ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் வெவ்வேறு ஒப்பந்தக்காரர் வெவ்வேறு ஆண்டில் பதித்திருப்பார். எல்லாவற்றையும் ஒரே தாளில் காட்டும் வரைபடம் உங்கள் சொசைட்டி அலுவலகத்தில் இருந்தால் நீங்கள் பாக்கியசாலி.

காப்பீடு பற்றிய கேள்வி பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. மகன் அல்லது மகள் வீட்டில் ஆறு மாதம் தங்கிவிட்டு வரும் பெற்றோர், அங்கே வீட்டுக் காப்பீட்டோடு நிலத்தடி இணைப்புகளுக்கென்று கூடுதலாக ஒரு பிரிவைச் சேர்த்துக்கொள்வதைப் பார்க்கிறார்கள். அங்கே அதற்கு நியாயம் இருக்கிறது. பல அமெரிக்க நகரங்களில், தெருவின் பிரதானக் குழாயிலிருந்து வீடு வரை வரும் கிளைக்குழாய் முழுவதும் வீட்டுக்காரரின் சொத்து. நடைபாதைக்கு அடியில், சில ஊர்களில் சாலைக்கு அடியில் உடைந்தாலும் தோண்டி மாற்றுவது அவர் செலவு. தனி வீடு, ஒரே உரிமையாளர், பழைய வார்ப்பிரும்பு அல்லது களிமண் குழாய், அதற்குள் நுழையும் மரவேர், பல ஆயிரம் டாலர் கூலி. இத்தனையும் ஒன்றுசேரும் இடத்தில் காப்பீட்டுக்குச் சந்தை பிறப்பது இயல்பு.

பிரிட்டனில் வேறொரு பாடம் கிடைத்தது. 2011 அக்டோபர் 1ஆம் தேதி முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும், பொதுச் சாக்கடையோடு இணைந்திருந்த தனியார் கழிவுநீர்க் குழாய்களில் பல வீடுகள் பகிர்ந்துகொள்பவையும், வீட்டு எல்லைக்கு வெளியே போகும் பகுதிகளும் தண்ணீர் நிறுவனங்களின் பொறுப்புக்கு மாறின. ஒரே சட்ட மாற்றத்தில் பல லட்சம் வீட்டுக்காரர்களின் தலையிலிருந்து அந்தச் சுமை இறங்கியது. அதே நாட்டில், வீட்டுக் குழாய் பழுதுக்கு ஒப்பந்தம் விற்றுவந்த ஹோம்சர்வ் நிறுவனத்துக்கு, முறையற்ற விற்பனை உள்ளிட்ட குறைகளுக்காக நிதி ஒழுங்குமுறை ஆணையம் 2014 பிப்ரவரியில் மூன்று கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தது. குழாய் யாருடையது என்று தெரியாத மனிதரிடம் எதையும் விற்றுவிடலாம். ஆகவே பாலிசி விலையைக் கேட்பதற்கு முன் குழாயின் உரிமையாளர் யார் என்று கேட்க வேண்டும்.

கராடியில் அதற்கு விடை தெளிவாகவே இருக்கிறது. இங்கே பெரும்பாலோர் அடுக்குமாடி உரிமையாளர்கள். மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் கீழ் வகுத்த மாதிரித் துணைவிதிகள் பழுது வேலைகளைச் சங்கம், உறுப்பினர் என்று இரண்டாகப் பிரிக்கின்றன. வெளிப்புறத் தண்ணீர்க் குழாய், நீர்த்தொட்டி, மோட்டார், வடிகால், கழிவுநீர்த் தொட்டி, சுற்றுச்சுவர், உள்சாலை, ஃபிளாட்டின் மெயின் சுவிட்ச் வரை வரும் மின்கம்பி ஆகிய எல்லாம் சங்கத்தின் செலவு. எரிவாயுவில், மீட்டர் வரை உள்ள குழாய் விநியோக நிறுவனத்துடையது. மீட்டருக்குப் பின்னால் அடுப்பு வரை உங்களுடையது. மின்சாரத்திலும் விநியோக நிறுவனத்தின் பொறுப்பு அதன் மீட்டரோடு முடிகிறது. ஆக, ஃபிளாட் உரிமையாளராக உங்கள் பெயரில் மட்டும் மண்ணுக்கடியில் ஓர் அடிக் குழாய்கூடக் கிடையாது. இல்லாத சொத்துக்குக் காப்பீடு எதற்கு? ரோ ஹவுஸ், பங்களா வைத்திருப்பவர்களின் நிலை வேறு. அவர்களுடைய வாசல் முதல் கொல்லை வரை ஓடும் குழாய் அவர்களுடையதே.

அந்த ரோ ஹவுஸ்காரருக்கும், கட்டடம் முழுவதற்கும் பாலிசி எடுக்கும் சொசைட்டிக்கும் இன்று கிடைப்பது என்ன? 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் வீடுகளுக்கு 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான பாலிசியைத் தர வேண்டும் என்று இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் விதித்தது. பிரீமியம் அதிகமில்லை. அதன் வாசகங்களைப் பொறுமையாகப் படித்துப் பார்ப்பது நல்லது. கட்டடம் என்பதற்குள் சுற்றுச்சுவர், தாங்குசுவர், உள்சாலை, செப்டிக் டேங்க், நிலையான நீர்த்தொட்டி எல்லாம் வருகின்றன. நிலத்தடிக் குழாய் என்ற சொல் அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. நிரந்தரமாக இணைந்தவை என்ற பொதுச்சொல்லுக்குள் வாதாடித்தான் அதைக் கொண்டுவர வேண்டும். தீ, வெடிப்பு, நிலநடுக்கம், வெள்ளம், நிலம் உள்வாங்குதல், தண்ணீர்த்தொட்டியோ குழாயோ வெடித்து வழிதல் ஆகியவை இழப்பீட்டுக்குரிய நிகழ்வுகள்.

இதைப் படித்ததும் நிம்மதி வரும். குழாய் வெடித்தல் என்று எழுதியிருக்கிறதே! ஆனால் கராடியில் நிலத்தடிக் குழாய்கள் பழுதாகும் விதம் வேறு. மூட்டில் கசிவு, மெல்ல உட்காரும் மண், சேம்பரில் விரிசல், ஆண்டுக்கணக்கில் அரித்த இரும்பு என்று எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பவை. நாள்பட்ட தேய்மானம் விபத்து ஆகாது என்பது காப்பீட்டுத் தொழிலின் அடிப்படை. குழாய் வெடித்து அடித்தளப் பார்க்கிங்கில் தண்ணீர் புகுந்து மின்பலகை எரிந்தால் கோரிக்கை வைக்கலாம். பன்னிரண்டு ஆண்டாகக் கசிந்த மூட்டை மாற்றும் கூலியைக் கேட்க முடியாது.

இன்னொரு விலக்கு இதைவிட முக்கியமானது. நிலம் உள்வாங்குதலுக்கு இழப்பீடு உண்டு என்று சொல்லும் அதே பகுதி, புதுக் கட்டடம் இயல்பாகப் படிந்து உட்காருவது, கொட்டி நிரப்பிய மண் நகர்வது, வடிவமைப்பிலோ வேலையிலோ உள்ள குறை, கட்டுமானம், இடிப்பு, அகழ்வு வேலை ஆகியவற்றால் வரும் சேதத்தைத் தள்ளிவைக்கிறது. கராடியில் நிலம் எதனால் உள்வாங்கும் என்று ஒரு பட்டியல் போட்டால், அதில் பெரும்பாலும் இவைதான் இருக்கும். பக்கத்து மனையில் மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டாத தெரு இங்கே குறைவு.

தோண்டுவதன் விளைவு எவ்வளவு கொடியதாக இருக்க முடியும் என்பதைப் புனே பார்த்திருக்கிறது. 2019 ஜூன் 29 அதிகாலையில், கோந்த்வாவில் ஒரு குடியிருப்பின் சுற்றுச்சுவர், பக்கத்துக் கட்டுமான மனையில் தகரக் கொட்டகைகளில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள் மீது விழுந்தது. குழந்தைகள் உட்பட 15 பேர் இறந்தார்கள். சென்னை வாசகர்களுக்கு வேளச்சேரி நினைவிருக்கும்: 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் நாளில், ஐந்து பர்லாங் சாலையில் கட்டுமானத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளம் சரிந்து இரண்டு பேர் மண்ணுக்கும் தண்ணீருக்கும் அடியில் சிக்கி உயிரிழந்தார்கள். பக்கத்தில் தோண்டும்போது நம்முடைய சுவருக்கும் குழாய்க்கும் காவல் நம்முடைய பாலிசியாக இருக்க முடியாது. தோண்டுபவரின் பொறுப்பை எழுத்தில் வாங்குவதும், அவர் எடுத்திருக்கும் பாலிசியைக் கேட்டுப் பார்ப்பதும்தான் வழி.

அந்தப் பாலிசிக்குக் 'கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்' என்று பெயர். கட்டுமான வேலையையும், வேலையால் மூன்றாம் நபருக்கு ஏற்படும் சேதத்தையும் சேர்த்து எடுக்கலாம். அதில் நிலத்தடிக் கேபிள், குழாய் பற்றி வழக்கமாகச் சேர்க்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது: வேலை தொடங்குவதற்கு முன் அவை எங்கே போகின்றன என்று உரியவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தால்தான் இழப்பீடு. அபாயத்தை விலைக்கு வாங்குவதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட, வரைபடம் இல்லாத நிலத்துக்குப் பணம் தர மாட்டோம் என்கிறார்கள். என் முடிவும் அதுவே. இங்கே வீட்டுக்காரருக்கு முதலில் வேண்டியது வரைபடம். பாலிசி அதற்குப் பிறகு.

தேசிய அளவில் இந்த ஞானம் தாமதமாக வந்தது. 2023 மார்ச் 22 அன்று பிரதமர் தொடங்கிவைத்த 'கால் பிஃபோர் யு டிக்' செயலி, தோண்டப் போகிறவரையும் அங்கே கேபிளோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனத்தையும் இணைக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் முறை கண்ணாடி இழைக் கேபிள்கள் வெட்டுப்படுவதாகவும், அதனால் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்றும் அரசு சொன்ன கணக்குதான் அதற்குத் தூண்டுகோல். அமெரிக்காவில் 811 என்ற எண்ணை அழைத்துவிட்டுத் தோண்டும் முறை 2007இலேயே நாடு முழுவதும் வந்துவிட்டது. நம்முடைய செயலி நல்லது, பயன்படுத்த வேண்டும். ஆனால் சொசைட்டி வளாகத்துக்குள் சங்கமே வைத்திருக்கும் குழாய் எங்கே போகிறது என்பதைச் சங்கம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு பள்ளத்தை அருகில் நின்று பார்த்தால் இது விளங்கும். மேலே நாலு அங்குலம் இன்டர்லாக் கல்லும் மணலும். அடியில் கட்டுமானக் கழிவு: உடைந்த டைல்ஸ், கம்பித் துண்டு, சிமென்ட் மூட்டை. அதற்கும் கீழே சில இடத்தில் முரம் எனப்படும் சரளை மண், ஆற்றை ஒட்டிய பக்கம் கரிசல். கரிசல் மண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். அதோடு சேர்ந்து குழாயும் ஆண்டுதோறும் ஏறி இறங்கும். வளையாத குழாய் மூட்டில்தான் விட்டுக்கொடுக்கும். குழாயைச் சுற்றி மணல் படுகை போட்டுப் பதிக்க வேண்டும் என்பது எந்தப் பிளம்பருக்கும் தெரிந்த விஷயம். பள்ளத்தை அவசரமாக மூடும்போது முதலில் விடுபடுவது அந்த மணல்தான். கூரான கல் ஒன்று யுபிவிசி குழாயின் முதுகில் குத்தி நிற்கும்; மேலே டேங்கர் லாரி தினமும் ஏறி இறங்கும். குறைந்த அழுத்த மின்கேபிள் முக்கால் மீட்டர் ஆழத்திலும், 11 கிலோவோல்ட் கேபிள் 90 சென்டிமீட்டர் ஆழத்திலும் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். தரையை இரண்டாம் முறை சீவிச் சமன்செய்த வளாகத்தில் அந்த ஆழம் இன்னும் இருக்கிறதா என்று யாரும் அளப்பதில்லை.

உடைந்த கழிவுநீர்க் குழாயும் குடிநீர்ச் சம்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அது உயிர்ப் பிரச்சினை. 2025 ஜனவரியில் புனேயின் சிங்ககட் சாலைப் பகுதியில் கில்லன் பாரே நோய் பரவி, அசுத்தத் தண்ணீரே காரணமாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தபோது, நகரம் முழுவதும் கிணற்றையும் குழாயையும் டேங்கரையும் பரிசோதிக்க நேர்ந்தது. தண்ணீர் மாசுபட்டுப் படுத்த குடும்பத்துக்கு வீட்டுக் காப்பீடு ஒரு ரூபாயும் தராது.

அப்படியானால் பணம் எங்கிருந்து வரும்? இரண்டு இடங்களிலிருந்து வர வேண்டும். இரண்டையும் பாதிப் பேர் பயன்படுத்துவதில்லை என்பது என் வருத்தம்.

முதலாவது, கட்டியவர். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ, வேலையின் தரத்திலோ, செய்துதந்த வசதிகளிலோ குறை தெரியவந்தால், தெரிவித்த 30 நாளில் கட்டணமின்றிச் சரிசெய்ய வேண்டும் என்கிறது. மணல் படுகை இல்லாமல் பதித்த குழாயும், சாய்மானம் தப்பிப்போன கழிவுநீர்க் குழாயும் வேலையின் தரக் குறைகளே. கராடியில் கடந்த சில ஆண்டுகளில் சாவி வாங்கிய பல வளாகங்களுக்கு இந்த உரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் மண்ணுக்கடியில் உள்ள குறை தானாகத் தெரியவராது; தேடிப் பார்க்க வேண்டும். நான்காம் ஆண்டு முடிவதற்குள், எல்லாக் கழிவுநீர்க் குழாய்களிலும் கேமரா விட்டுப் பதிவெடுத்து, குடிநீர்க் குழாய்களை அழுத்தச் சோதனை செய்து, குறைகளை எழுத்தில் கட்டியவருக்கு அனுப்பிவிட வேண்டும். மறுத்தால் மாநில ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான மகாரேரா இருக்கிறது. இதற்கு ஆகும் செலவை ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் பங்கிட்டால், ஒரு மாத மென்டனென்ஸில் சிறு பகுதிதான் வரும்.

இரண்டாவது, சங்கத்தின் சொந்த நிதி. மாதிரித் துணைவிதிகளின்படி பழுதுபார்ப்பு நிதிக்கு ஆண்டுக்குக் கட்டுமானச் செலவில் குறைந்தது 0.75 சதவீதமும், சிங்கிங் ஃபண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதமும் திரட்ட வேண்டும். கட்டுமானச் செலவு 50 கோடி ரூபாய் என்று வைத்துக்கொண்டால், முதலாவது 37.5 லட்சம், இரண்டாவது 12.5 லட்சம், ஆண்டுக்கு மொத்தம் 50 லட்சம். ஒழுங்காகச் சேர்த்துவந்த சங்கத்துக்கு ஒரு குழாய்த்தொடரை மாற்றுவது பெரிய விஷயமே இல்லை. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே அபாயத்துக்காகப் பணம் போட்டு வைப்பதுதானே காப்பீடு? அதை நம்மிடையே நாமே செய்துகொள்ள இந்த விதி வழி தருகிறது; இடைத்தரகுச் செலவும் இல்லை, விலக்குப் பட்டியலும் இல்லை. ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் மென்டனென்ஸைக் குறைத்துக் காட்டுவதற்காக இந்த நிதியில் கைவைக்கும் கமிட்டியை உறுப்பினர்கள் தட்டிக்கேட்க வேண்டும்.

ஒரு காப்பீட்டை மட்டும் நான் கட்டாயம் என்பேன். அதைப் பற்றிக் கேட்பவர்தான் மிகக் குறைவு. கராடியை அடுத்த வாகோலியில் 2022 அக்டோபரில், ஒரு குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளர்கள் மூச்சுத்திணறி இறந்தார்கள். கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ மனிதரை இறக்குவதைத் தடைசெய்கிறது. முதல் முறை மீறினாலே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம், சாக்கடையில் உயிரிழக்கும் தொழிலாளரின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. கான்ட்ராக்டர் அனுப்பிய ஆள், நமக்குத் தெரியாது என்று சொசைட்டி கைகழுவ முடியாது. வேலைக்கு அமர்த்தியவர் என்ற பொறுப்பு அதன் மீதும் வரும். வளாகத்தில் குழாய், தொட்டி, கேபிள் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறதா என்று பார்க்காமல் கேட்டைத் திறந்துவிடக் கூடாது. இருந்தாலும் மனிதரைத் தொட்டிக்குள் இறக்கும் உரிமையை அந்தப் பாலிசி தராது. அந்த வேலை ஜெட்டிங் வண்டிக்கும் உறிஞ்சும் இயந்திரத்துக்கும் உரியது.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். கராடியில் ஃபிளாட் வைத்திருப்பவர் நிலத்தடிக் குழாய்க்கென்று தனிக் காப்பீடு தேடி அலைய வேண்டாம். யாராவது விற்க வந்தால், எந்தக் குழாய், யாருடைய குழாய் என்று முதலில் கேளுங்கள். சொசைட்டி கட்டடம் முழுவதற்கும் ஒரு பாலிசி எடுத்து, தொட்டிகளும் சுற்றுச்சுவரும் தாங்குசுவரும் அதில் அடங்குகின்றனவா என்று எழுத்தில் உறுதிசெய்துகொள்ளட்டும். நிலத்தடி இணைப்புகளையும் பெயர் சொல்லிச் சேர்க்க நிறுவனம் ஒத்துக்கொண்டால் சேர்க்கட்டும். ரோ ஹவுஸ், பங்களாக்காரர் அதே பாலிசியை எடுத்து, குழாய்ப் பழுதுக்கென்று வங்கியில் ஒரு தொகையைத் தனியே போட்டு வைப்பது போதும்.

அடுத்த பொதுக்கூட்ட அறிவிப்பு வரும்போது மூன்று கேள்விகளை எழுத்தில் கொடுங்கள். நம் வளாகத்தின் நிலத்தடி வரைபடம் எங்கே? வீடு ஒப்படைத்த தேதியிலிருந்து ஐந்து ஆண்டு எந்த நாளில் முடிகிறது? தொட்டி சுத்தம் செய்ய யாரை, எந்த இயந்திரத்தோடு கூப்பிடுகிறோம்? மூன்றுக்கும் விடை வந்த பிறகு பாலிசியைப் பற்றிப் பேசலாம்.